நான் ஆரெண்டு சொல்லு பாப்பம்

பழைய வகுப்பு ஒன்றுகூடலில், முப்பது வருடத்துக்குப் பிறகு காணும் ஒருவரைக் கையில் பிடித்து நிறுத்தி, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "நான் ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று கேட்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். கேட்பவருக்கு விளையாட்டு, அகப்பட்டவருக்குச் சோதினை. முகம் தெரிகிறது, அந்தச் சிரிப்புத் தெரிகிறது, விஞ்ஞானக் கொப்பி இரவல் வாங்கியதுகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் தொண்டைக்குழிக்குள் நிற்கிறது. இதற்கு வயதைத் திட்டிப் பயனில்லை. 1975இல் பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் 392 பழைய மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளிவிட்டு ஏறத்தாழ 35 வருடமானவர்கள்கூடப் பழைய வகுப்புப் படங்களில் பத்துக்கு ஒன்பது முகத்தை அடையாளம் கண்டார்கள். எந்த உதவியும் இல்லாமல் பெயரைச் சொல்லச் சொன்ன இடத்தில்தான் வழுக்கி விழுந்தார்கள். மூளைக்கு மிகவும் வராத வேலையைத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது. ஆகவே கிட்ட வருகிறவர் தன் பெயரையும் அந்தநாள் ஊரையும் தானே சொல்லவேண்டும். அழைப்பிலேயே இதை எழுதிவிடலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

கழுத்தில் பெயரட்டை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். பெயரட்டை பிழையாகிப்போவது மூன்று இடத்தில். எழுத்துச் சிறிதாக இருக்கும். 45ஐத் தாண்டியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, கடைசியில் மற்றவரின் நெஞ்சுக்கு முன்னால் குனிந்து நின்று வாசிப்பார். சேலையோடு வந்திருக்கும் வகுப்புத் தோழிக்கு இது எவ்வளவு சங்கடம் என்று அட்டை அடித்தவர் யோசித்திருக்கமாட்டார். எழுத்து இரண்டு சென்ரிமீற்றர் உயரமாவது இருந்தால் எட்ட நின்றே வாசிக்கலாம். அடுத்தது, நாடாவில் தொங்கும் அட்டை எப்போதும் திரும்பிக்கொள்ளும், வெறும் பக்கம்தான் உலகத்துக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அச்சடிக்கவேண்டும். மூன்றாவது, இப்போதைய பெயரை மட்டும் போடுவது. கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறிய பெண்ணை இப்போதைய பெயரில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளி இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) இருந்த பெயரைப் பெரிதாகவும் இப்போதையதைக் கீழே சிறிதாகவும் போடுவதுதான் முறை. பட்டப்பெயரை அட்டையில் போடவேண்டாம். "ஓணான்" என்று அழைக்கப்பட்டவர் இன்றைக்கு ஒரு பள்ளியின் அதிபராக இருக்கலாம், அவருடைய மகள் பக்கத்தில் நிற்கலாம். கூப்பிடுகிறவர்கள் எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள், அதற்கு அச்சுச் சாட்சி எதற்கு.

இவை சில்லறைப் பிரச்சினைகள். எனக்குக் கொஞ்சக்காலமாக அடங்காமல் கிடக்கும் அபிப்பிராயம் வேறு. இலங்கையின் வடக்கே வன்னியில் நடக்கும் ஒன்றுகூடல்களில் பாதி, ரொறன்ரோவிலோ லண்டனிலோ மண்டபம் எடுத்துச் செய்த ஒன்றின் வீடியோவைப் பார்த்துச் செய்தவை. மேடை, பதாகை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. அங்கே அது சரி, அங்கே கூடுகிறவர்கள் ஒரே பள்ளியில் முதலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஒன்றாக இருந்தவர்கள். இங்கே வகுப்பு என்பதே வேறு சாமான். அதைக் கூட்டுகிற வேலையில் முக்கால்வாசி, நாளுக்கு மூன்று மாதம் முன்னதாக, ஒரு கொப்பியில் நடக்கவேண்டியது.

இடாப்பைத் திரும்ப எழுதுதல்

1996இல் ஓ/எல் (பதினோராம் வகுப்புப் பொதுச் சோதினை) எடுத்த ஒரு வகுப்பை எடுங்கள். 95 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. அடுத்த சித்திரைக்குப் பிறகு கிளாலிக் கடலேரி தாண்டி வந்த பிள்ளைகள் வன்னிப் பள்ளிகளில் நெரிந்தார்கள். ஆடியிலிருந்து புரட்டாதிக்குள் கிளிநொச்சியே கிளம்பியது, சனத்தோடு பள்ளியும் நகர்ந்தது. அந்த வருடம் தையில் வாங்கில் இருந்தவர்கள் வேறு, மார்கழியில் சோதினை எழுதியவர்கள் வேறு. இடையில் ஒரு தவணை மட்டும் வந்து இருந்து, ஒரு நாள் சொல்லாமல் போனவர்கள் வேறு. இதில் ஆர் வகுப்புத் தோழர்? சேர்விடாப்பில் பெயர் உள்ளவர் மட்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது, சோதினை எழுதியவர் மட்டும் என்று இன்னொன்று. இரண்டும் பிழை என்பதே என் தீர்ப்பு. ஒரு தவணை இருந்தவரும் ஆள்தான். ஒரு தவணை மட்டும் பக்கத்தில் இருந்தவளைத்தான் சிலர் முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இடாப்புகள் அநேகமான பள்ளிகளில் இல்லை, இருந்தவை 2008, 2009 போரில் போய்விட்டன. ஆகவே ஞாபகத்திலிருந்து எழுதவேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. "ஆரார் படிச்சது?" என்று வற்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்துப் பெயர் வரும், பத்தும் கெட்டிக்காரருடையதும் குழப்படிக்காரருடையதும். நடுவில் சத்தமில்லாமல் இருந்த முப்பது பேரும் வரமாட்டார்கள். அப்படிக் கேட்காமல் ஒரு தாளில் வகுப்பறையை வரையுங்கள். கரும்பலகை எங்கே, கதவு எங்கே, மரத்துக்குக் கீழ் வகுப்பென்றால் மரம் எங்கே என்று போட்டு, வாங்கு வாங்காகக் கோடு இழுத்து, ஒவ்வொருவரையும் தன் வாங்கையும் முன் வாங்கையும் பின் வாங்கையும் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். மனம் பெயரை இடத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. ஆண்பிள்ளைகள் பக்கத்தை ஆண்களிடமும் பெண்பிள்ளைகள் பக்கத்தைப் பெண்களிடமும் கேளுங்கள், அந்தநாளில் மற்றப் பக்கத்தைப் பார்த்தவர்கள் பார்த்த முகம் ஒன்றிரண்டுதான். பிறகு சோதினை மண்டபம்: முன்னுக்கும் பின்னுக்கும் இருந்தது ஆர்? சுட்டெண் வரிசை என்பதால் அங்கே இரண்டு பேர் கிடைப்பார்கள். பிறகு இல்ல விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டக்காரர்கள். பிறகு ரியூசன். இந்த நாலு வலையிலும் படாமல் ஒருவர் தப்புவது கஷ்டம்.

கொப்பியில் நிரல் ஐந்து போதும்: அந்தநாள் பெயர், அந்தநாள் ஊர், இப்போதைய பெயர், இப்போதைய ஊரும் தொலைபேசியும், இந்தத் தகவலைத் தந்தவர் ஆர். கடைசி நிரலை எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஆனால் அதுதான் முக்கியம். "அவன் ஜேர்மனியில" என்று ஆரோ சொன்னதை எழுதிவைத்துவிட்டு ஆறு மாதம் ஜேர்மனியில் தேடுவார்கள், ஆள் மல்லாவியில் வயல் செய்துகொண்டிருப்பார். சொன்னது ஆர் என்று தெரிந்தால் திரும்பக் கேட்கலாம். பெண்களைத் தேடுவதற்கு முகநூல் உதவாது. அங்கே பெயர் மாறியிருக்கும், படத்தில் பிள்ளையோ முருகனோ இருப்பார். அவர்களுடைய தங்கைமாரும் தாய்மாரும்தான் வழி. வற்றாப்பளைக் கோயில் பொங்கலிலும் புளியம்பொக்கணைக் கோயில் பொங்கலிலும் ஒரு பின்னேரம் நின்றால் மாதக்கணக்கான தொலைபேசி வேலை மிச்சம்.

படங்கள் இருந்தால் அவை அநேகமாக வெளிநாட்டில் இருக்கும், ஊரிலிருந்து கடிதத்தோடு அனுப்பியவை தப்பியிருக்கின்றன. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயலவேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு யன்னலோரம் சாய்த்து, பளிச்சை நிறுத்திவிட்டு, தொலைபேசியைப் படத்துக்கு நேர் சமாந்தரமாகப் பிடித்து எடுக்கவேண்டும். தனியாக இருக்கும் படத்தை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்தால் பெரிதாக்கி ஒட்டலாம்.

நாள் குறிப்பது

வெளிநாட்டுக்காரர் ஆடி, ஆவணிக்குத்தான் வருவார்கள், பிள்ளைகளின் விடுமுறை அப்போது. உள்ளூரில் அப்போது சிறுபோக அறுவடை. மெசின் வரும் நாளை வயல்காரர் தீர்மானிப்பதில்லை, மெசின்காரர் தீர்மானிக்கிறார். ஆகவே இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறினால் 25 நாளைக்குப் பாதிப்பேர் மரக்கறி, ஆட்டிறைச்சி வாங்கிவைத்தவர் திண்டாடுவார். ஓகஸ்ற் 15இல் வேதக்காரர் மடு மாதா கோயிலில் நிற்பார்கள். விடுமுறை நாளாயிற்றே என்று பௌர்ணமிப் போயாவில் வைத்தால் இறைச்சிக்கடை பூட்டு. கொடியேற்றத்துக்கு முந்திய சனி அல்லது ஞாயிறு, அமாவாசையோடு ஒட்டாமல், காலை ஒன்பதிலிருந்து நாலு மணிவரை. இருட்டினால் ஏ9இல் மாடுகள் படுத்திருக்கும், உள்பாதைகளில் யானையும் வரும்; மோட்டார்சைக்கிளில் வந்த பெண்கள் மூன்றரைக்கே கிளம்பப் பார்ப்பார்கள்.

இடம் பள்ளிதான். அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, முதல்நாள் பின்னேரமே தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலசலகூடம் எல்லாம் குந்துகிற வகையென்றால் முழங்கால்காரருக்குக் கிட்ட உள்ள வீடொன்றைப் பேசிவைக்கவேண்டும். நிழலுக்கு மரமே நல்லது. தறப்பாள் கட்டினால் பதினொரு மணிக்குக் கீழே வேகும். அதோடு, தறப்பாளுக்குக் கீழே இன்னொரு நாள் இருக்க வன்னியில் ஆருக்கும் அவ்வளவு ஆசையில்லை.

கதிரைகளை வரிசையாகப் போடவேண்டாம். வாடகைக்குக் கொண்டுவருகிற பொடியன்கள் பழக்கத்தில் வரிசையாகத்தான் அடுக்குவார்கள், நின்று சொல்லி எட்டெட்டாக வட்டம் போடுவிக்கவேண்டும். கைபிடி உள்ள கதிரையாகப் பார்த்து எடுங்கள். பாயில் இருப்பது படத்துக்கு அழகு, எழும்பும்போது இரண்டு பேர் தூக்கவேண்டும். ஸ்பீக்கர் வாடகைக்கு எடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வயது போகப் போக, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. பாட்டுப் போட்டால் எல்லோரும் தலையாட்டிச் சிரிப்பார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். கைஒலிபெருக்கி ஒன்று, இடாப்புக் கூப்பிட மட்டும், போதும்.

இடாப்புக் கூப்பிடுதல்

ஆசிரியர்களை அழைப்பது மரியாதை. பன்னிரண்டு பொன்னாடையை 75 வயதுச் சேருக்கு வெயிலில் போர்த்துவது அப்படியல்ல. அவரை வாகனத்தில் கூட்டிவந்து, நல்ல கதிரையில் இருத்தி, குடிக்கக் கொடுத்து, இடாப்பைக் கையில் கொடுங்கள். உரை வேண்டாம். அவர் பழைய குரலில் பெயர் கூப்பிட, ஐம்பதை நெருங்கும் மனுசர் எழும்பி "வந்திட்டன் சேர்" என்பதைவிடச் சிறந்த நிகழ்ச்சி ஒன்றை எந்தக் குழுவும் இதுவரை போடவில்லை. பிந்தி வந்தவரை வெளியே நிற்கச் சொல்வார். விதானையாராக இருந்தாலும் நிற்பார்.

ஆனால் இதை ஆயத்தமில்லாமல் செய்யக்கூடாது. வன்னி இடாப்பில் பதில் சொல்ல ஆளில்லாத பெயர்கள் இருக்கின்றன, பல வகுப்புகளில் நிறைய. அவற்றைக் கூப்பிடாமல் தாண்டிப்போவதா, தனியாகக் கடைசியில் வாசிப்பதா என்று குழுக்கள் மாறிமாறிச் சண்டைபிடிக்கும். தாண்டிப்போனால் பக்கத்து வாங்கில் இருந்தவர் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார். தனியாக வாசித்தால் அஞ்சலிக் கூட்டமாகி, மீண்டும் சிரிக்க மத்தியானமாகும். என் கருத்து, வரிசையிலேயே எல்லாப் பெயரையும் கூப்பிடவேண்டும், வராதவருக்குப் பதில் சொல்ல ஒருவரை முதலே பேசிவைக்கவேண்டும். "பிரான்சில சேர்." "அருவி வெட்டு சேர், மத்தியானம் வருவான்." "செத்திட்டான் சேர்." காணாமற்போனவருக்கு "தெரியாது சேர்." இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் போராட்டம் இருந்த, காணாமற்போனவர்களின் தாய்மார் கேட்டது பிள்ளை எங்கே என்பதற்கான பதிலைத்தான், அதை ஒரு வகுப்பு தன்பாட்டில் எழுதிமுடிக்க உரிமையில்லை. வீட்டார் சொல்லாதவரை அவருடைய படத்துக்கு மாலை போடாதீர்கள், விளக்குக் கொளுத்தும் வரிசையில் வைக்காதீர்கள். சேரிடம் முதல்நாளே இதை இருந்து விளங்கப்படுத்தி, அவருக்குத் தாங்காது என்று தோன்றினால் வேறொருவரிடம் இடாப்பைக் கொடுக்கவேண்டும்.

கூப்பிட்டு முடிந்த கையோடு குழுப்படம். சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் கால்வாசிப்பேர் போயிருப்பார்கள். திறந்த நிழலில் மூன்று வரிசை, அன்றைக்கே "இருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று பெயர் எழுதிவைக்கவேண்டும். அடுத்த நாள் எழுதினால் இரண்டு பேர் பெயரில்லாமல் நிற்பார்கள்.

வீட்டுக்காரர்

"குடும்பம் வேண்டாம், நாங்கள் மட்டும்" என்பது ஆண்களின் யோசனை, காரணமும் விளங்குகிறது. ஆரோ ஒருவரின் கணவனோ மனைவியோ பழைய பகிடிக்குச் சிரிக்கத் தெரியாமல் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, "எப்ப போறம்?" என்று காதுக்குள் கேட்கத் தொடங்குவார். ஆனால் அந்த விதியைப் போட்டுப் பாருங்கள், வருகிற பெண்கள் எண்ணிக்கை பாதியாகும். ஏற்றி இறக்க மகன் வேண்டும், தனியப் போகிறாள் என்று வீட்டில் கதை வரக்கூடாது. ஆகவே வரட்டும், வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் படம் எடுப்பதையும் கதைகளை ஒலிப்பதிவு செய்வதையும் விடலாம். தாய் வகுப்புக்கு வெளியே முழந்தாளில் நின்ற கதையைப் பதிவுசெய்கிற மகள் ஒருபோதும் "போவமா" என்று கேட்கமாட்டாள். மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும் தனி வட்டம் ஒன்று போட்டால் மத்தியானத்துக்குள் அங்கேதான் சத்தம் கூடவாக இருக்கும்.

அழைப்பில் "தம்பதி சமேதராய்" என்று அச்சடிக்காதீர்கள். தம்பதிகளுக்கான விளையாட்டும் வைக்காதீர்கள். வன்னியில் தனியே பிள்ளை வளர்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டே இந்த இரண்டையும் செய்கிறார்கள், பிறகு "அவ ஏன் வரேல்ல?" என்று யோசிக்கிறார்கள்.

கூழ்

சோறும் ஆட்டிறைச்சியும் வைக்கிறவர்கள் வைக்கட்டும்: 50 பேருக்கு அரிசி ஆறு கிலோ, எலும்போடு இறைச்சி ஒன்பது, பத்துக் கிலோ. அரிசி பூநகரி மொட்டைக்கறுப்பனாகக் கிடைத்தால் பாக்கியம். ஆனால் ஒன்றுகூடலுக்குச் சரியான சாப்பாடு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ், ஏனென்றால் அதை எல்லோரும் சேர்ந்துதான் காய்ச்சமுடியும். 50 பேருக்கு ஒடியல் மா இரண்டரைக் கிலோ. அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு மேல்நீரை ஊற்றிவிட்டால் கைப்புக் குறையும். பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க, ஒரு கிலோ பச்சையரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய். அவை அவிந்த பிறகு நண்டு, மீன்தலை, இறால். மீன் உடைந்து முள் பரவாமலிருக்க முள்ளு மீனைத் தவிர்ப்பது நல்லது. செத்தல் மிளகாய், மஞ்சள், மிளகு அரைத்த கூட்டும் பழப்புளியும் போய், கடைசியில்தான் மா. நெருப்பைத் தணிக்காமல் மாவைக் கொட்டினால் கட்டிபடும், கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அதற்குத்தான் வகுப்பில் முன்பு குழப்படியாக இருந்தவர்களை அகப்பையோடு நிறுத்தவேண்டும். இறக்கமுன் முருங்கையிலை. ஆற ஆறத் தடிக்கும் என்பதால் பக்கத்தில் சுடுதண்ணீர் இருக்கட்டும். குடிப்பது பனையோலைப் பிளாவில், பிளா கோலத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். நண்டுக்கால் கடிக்க முன்னம் கடைவாய்ப்பல்லை ஒருக்கால் எண்ணிப் பார்ப்பது அவரவர் பொறுப்பு.

நேரம் தவறக்கூடாது. சீனி வருத்தக் குளிசையைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று நம்பி இருப்பவருக்கு இரண்டு மணிக்குக் கூழ் வந்தால், வியர்த்து, கை நடுங்கி, கதிரையில் சரிவார். களைத்துப்போனார் என்று விசிறிக்கொண்டு நிற்காமல், நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் திருந்தாவிட்டால் இன்னொருதரம் கொடுத்து, பிறகு சாப்பிடவைக்கவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரி. இன்சுலின் கொண்டுவந்தவரின் பையை வாகனத்துக்குள் விடவேண்டாம், ஆடி வெயிலில் கெட்டுவிடும். வாகனத்துக்குப் பின்னால் வேறு போத்தல்கள் திறக்கிறவர்கள் நாலு மணிக்குப் பிறகு வேறெங்காவது திறக்கட்டும். அது தொடங்கிய நிமிடமே பெண்கள் கைப்பையை எடுப்பார்கள்.

காசும் ரீசேட்டும்

பங்கு எல்லோருக்கும் ஒரே தொகை, அதுவும் ஒரு நாள் கூலியில் பாதியைத் தாண்டாமல். மிச்சத்தை வெளிநாட்டுக்காரர் போடட்டும், ஆனால் குழுவில் ஆர் எவ்வளவு என்று பட்டியல் வரக்கூடாது. பட்டியல் வந்த அன்று உள்ளூரில் ஐந்து பேருக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். ரீசேட் அடித்தே தீருவோம் என்றால் அளவை எழுத்தில் கேட்காதீர்கள். எல்லோரும் பத்து வருடத்துக்கு முந்திய அளவைத்தான் சொல்வார்கள், மனச்சாட்சியோடு. நெஞ்சளவை அங்குலத்தில் கேட்டு, அதற்கு மேல் ஒரு அளவு கூட்டி ஓடர் கொடுக்கவேண்டும்.

பின்னேரம் மூன்று மணிக்கு உணர்ச்சி மேலிட்டு, நூலகம் கட்டுவோம், புலமைப்பரிசில் நிதியம் தொடங்குவோம் என்று தீர்மானம் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் காசு போடுவது மூன்று பேராக இருக்கும், பிறகு அந்த மூன்று பேரும் மற்றவர்களோடு கதைக்கமாட்டார்கள். அதிபரிடம் இப்போது என்ன வேண்டும் என்று கேட்டால் தண்ணீர் வடிகட்டி, பத்துச் சைக்கிளுக்கு ரயர், போட்டோக்கொப்பித் தாள் என்று முடியக்கூடிய ஒன்றைச் சொல்வார். மிஞ்சிய காசில் அதை வாங்கிக் கொடுத்து, ஒரு கிழமைக்குள் கணக்கைக் குழுவில் போட்டு மூடிவிடுங்கள். வாங்கு வரைந்த கொப்பியை மட்டும் தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வன்னியிலும் ஒன்றை கடல்கடந்தும் வையுங்கள். திருத்துகிற உரிமை ஒரே ஒருவருக்கு, அவரும் கலியாணவீடு, செத்தவீடு தவறாமல் போகிற ஆளாக இருக்கவேண்டும்.